ஸ்டேஷன் பெயிலுக்கு நான் போடும் மார்க்

என் வீட்டுச் சொத்து வரி ரசீது எங்கள் தெருவுக்கே பொதுச் சொத்து. தண்டையார்பேட்டையில் நான் இருக்கும் பக்கம் பெரும்பாலும் வாடகைக் குடித்தனம், இல்லாவிட்டால் ஹவுசிங் போர்டு. குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதனால் குடியிருப்பவர் கைக்குப் பத்திரம் வந்துவிடவில்லை. நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாதா மாதம் பென்ஷன், அப்பா விட்டுப் போன ஓட்டு வீடு, அதற்கு என் பெயரில் வரி ரசீது. இவ்வளவும் ஒரே ஆளிடம் இருப்பதால், எந்தப் பையனைப் போலீஸ் கூட்டிப் போனாலும் அவன் அம்மா வக்கீலைத் தேடுவதற்கு முன் என்னைத் தேடி வருகிறாள். "நைனா, ஸ்டேஷன் பெயில்ல உடறாங்களாம், ஒரு சூரிட்டி வேணுமாம்." ஸ்டேஷன் பெயில் என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் போலீஸ் ஸ்டேஷனிலேயே கொடுக்கும் ஜாமீன். சூரிட்டி என்றால் அதற்குப் பொறுப்பேற்று ஜாமீன் நிற்கும் ஆள்.

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். இதற்கும் ஒருவர் எழுதலாமே என்று தோன்றியது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

முதலில் விலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அதில்தான். ஸ்டேஷன் பெயிலுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பைசா கிடையாது. பத்திரத்தில் 10,000 ரூபாய் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தாலிச் சரட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அது கட்டுகிற பணம் இல்லை. கூப்பிடும்போது இவர் வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் ஸ்டேஷன் வாசலில் பைக்மேல் சாய்ந்து நிற்கும் ஆசாமிக்குப் பிழைப்பு இல்லை. "அஞ்சாயிரம் ஆகும்மா, உள்ள பேசி முடிச்சுடறேன்" என்பவர் அவர்தான். வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்தவர்.

கட்டணம் இல்லை என்றேன். செலவு இல்லை என்று சொல்லவில்லை. "பேப்பர் தீர்ந்து போச்சு, ஒரு கட்டு வாங்கியாந்துடுங்க" என்பார்கள். ஏ4 தாள் ஒரு கட்டு, கூடவே பேனா, சில நேரம் பாரா நிற்பவருக்கு டீ. என் பையன் இதை லஞ்சம் என்கிறான். நானும் மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே ஒரு பிள்ளை ஜட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது அவன் அம்மாவிடம் போய் இந்த வாதத்தை யார் செய்வது? வாங்கிக் கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமலே.

இனி சரக்கு. சட்டம் குற்றங்களை பெயிலபிள், நான்-பெயிலபிள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெயிலபிள் என்றால், கைதானவர் ஜாமீன் தரத் தயார் என்று எந்த நேரத்தில் சொன்னாலும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி விட்டாக வேண்டும். விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உரிமையே அவருக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் இது 436. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 478. நம்பர்தான் மாறியது. வாரண்ட் இல்லாமல் கைது செய்தால் 'உனக்கு ஜாமீனில் போக உரிமை உண்டு, ஆள் ஏற்பாடு செய்துகொள்' என்று போலீஸே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டத்தில் 47-வது பிரிவு சொல்கிறது. நான் போய் நின்ற ஒரு இடத்திலும் யாரும் தானாகச் சொல்லிக் கேட்டதில்லை. "பாவம் சின்னப் பையன், ஐயா பெரிய மனசு பண்ணி விடறாரு" என்றுதான் கேட்டிருக்கிறேன். வெளியே வந்ததும் பையனும் காலில் விழுவான். அவன் காலில் விழுந்து வாங்கியது அவனுக்கே சொந்தமான ஒன்று.

அப்படியானால் போலீஸ் முடிவு எடுப்பதே இல்லையா என்று கேட்டால், எடுக்கிறது. ஆனால் ஜாமீன் கொடுக்கும் நேரத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே. எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவை எழுதுகிறார்களோ அங்கேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஸ்டேஷனில் வழக்கு எழுதும் ரைட்டர் பேனாவை எடுத்து ஒரு நம்பரைக் கூடுதலாகப் போட்டால் புழல் ஜெயில். போடாவிட்டால் வீட்டுச் சோறு. இத்தனை வருடமாக அந்த மேஜைக்கு எதிரில் நின்று நான் தெரிந்துகொண்டது இதுதான். சூரிட்டிக்காக ஓடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது எழுதி முடித்திருப்பார்கள்.

சமீபத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

பக்கத்துச் சந்தில் ஒரு பையன், மீன்பாடி வண்டி வைத்திருக்கிறான். காசிமேட்டிலிருந்து ஐஸும் மீனும் அடிப்பான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைச் சந்து முனையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். தண்ணீர் லாரி உள்ளே வர முடியவில்லை. லாரி கிளீனர் இறங்கி வண்டியைத் தள்ள, வண்டி சாக்கடைப் பக்கம் சாய, ஐஸ் கொட்ட, அப்புறம் என்ன, வடசென்னையில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் தமிழில் பேசிக்கொண்டார்கள். கை நீண்டது. கிளீனருக்கு உதடு கிழிந்தது. லாரிக்காரர்கள் அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஏழு மணிக்குப் பையனைத் தூக்கிப் போனார்கள்.

நான் போனபோது வரவேற்பு மேஜையில் யாரும் இல்லை. வெளியே சிமென்ட் பெஞ்ச், மேலே மின்விசிறி, அது சுற்றுவதும் சுற்றாததும் ஒன்று. மீன் விற்கும் அம்மா, பையனின் பெண்டாட்டி, இடுப்பில் குழந்தை. சுவரில் கைது செய்யப்பட்டவரின் உரிமைகள் என்று ஒரு போர்டு. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு நேர் கீழே பிடிபட்ட பைக்குகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள், கிட்டே போய்ப் படிக்க முடியாது. கேமரா இருந்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. அதே வருடம் ஜூன் மாதம்தான் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் ஊரடங்கில் கடை திறந்திருந்த விவகாரத்தில் கைதாகிக் காவலில் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருப் பெண்களுக்கு ராத்திரி ஸ்டேஷன் என்றாலே கை நடுங்குகிறது. இந்தச் சேவையின் அருமை தெரிய வேண்டுமானால் அந்த நடுக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரைட்டர் எனக்கு ஏற்கெனவே பழக்கம். "வாங்க பெரியவரே, இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்லை. கட்டையால அடிச்சிருக்கான். ரிமாண்ட்தான்" என்றார்.

கட்டை. இந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கையால் அடித்துச் சின்னக் காயம் என்றால் புதிய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 115(2), பழைய ஐ.பி.சி.யில் 323. அது பெயிலபிள். இன்னும் சொன்னால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாத பிரிவு அது. அதனால்தான் அடிதடி எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றிலும் கெட்ட வார்த்தைப் பிரிவு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், அந்தக் காலத்து 294(பி), இப்போது 296(பி). கெட்ட வார்த்தைக்கு மூன்று மாதம்தான், ஆனால் அது போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். அதைச் சேர்த்தால் கையடியும் கூடவே உள்ளே வந்துவிடும். எங்கள் ஏரியாவில் அந்தப் பிரிவுக்குச் சாட்சி தேட வேண்டிய அவசியமும் இருக்காது என்பது வேறு விஷயம். வழிமறித்தான் என்று 126(2) ஒன்று. இவை மூன்றும் பெயிலபிள். ஆனால் உயிருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய பொருளை ஆயுதமாக வைத்து அடித்தான் என்றால் 118(1). மூன்று வருடம் வரை தண்டனை, நான்-பெயிலபிள்.

பையனிடம் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "இன்னா நைனா, வண்டி சாஞ்சப்ப கட்டைய எடுத்து முட்டுக் குடுத்தேன். அத்தோட சரி. கையாலதான் ஒண்ணு வுட்டேன்" என்றான். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நான் அவனை நம்பினேனா இல்லையா என்பது முக்கியமில்லை. ஸ்டான்லியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை பேர், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவர் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் தன் வாயால் சொன்னது அது. ஸ்டேஷனில் யாராவது ஆலோசனை சொல்லி வளர்ப்பதற்கு முந்தையது.

"ஐயா, ஏ.ஆர். காப்பியில கட்டைன்னு இருக்குதுங்களா?" என்று ரைட்டரிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது. "புகார்ல இருக்குது, போதாதா?" என்றார். குரலை உயர்த்தாமல் அங்கேயே நின்றேன். வயதாவதில் இது ஒரு சௌகரியம், வெளியே போ என்று சட்டென்று சொல்ல மாட்டார்கள்.

ரவுண்ட்ஸ் முடித்து எஸ்.ஐ. வந்தார். சின்ன வயதுப் பெண், புதிதாக மாறி வந்தவராம். என்ன கூட்டம் என்று கேட்டார், சொன்னேன். ஏ.ஆர். காப்பியைக் கொண்டுவரச் சொல்லி நின்றபடியே படித்தார். தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாக என்று இருந்தது. கிளீனரைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட கைன்னு சொல்லிட்டு இங்க கட்டைங்கறீங்க. எது?" என்று கேட்டார். அவர் லாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கூரையைப் பார்த்தார். 118(1) எஃப்.ஐ.ஆரில் ஏறவில்லை.

எஸ்.ஐ. செய்தது சலுகை இல்லை. காகிதத்தைப் படித்தார். அதைச் செய்வதற்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பதால்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அன்றைக்கு அவர் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் பையன் ஞாயிற்றுக்கிழமை புழலில் இருந்திருப்பான், சட்டம் ஒரு எழுத்தும் மாறாமல்.

கட்டையே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ரிமாண்ட்தான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டு விசாரித்தால் போதும் என்பது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. பி.என்.எஸ்.எஸ்.ஸில் அந்த நோட்டீஸ் 35(3). சொல்லப்போனால் இந்தப் பையனைத் தூக்கிப் போனதே தேவையற்ற வேலை. ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்துத் திங்கட்கிழமை வா என்றால் வந்திருப்பான். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னைப் போன்ற கிழவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: 60 வயது தாண்டியவரை, மூன்று வருடத்துக்கும் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரி, "அதுக்காக ஏதாவது ஆரம்பிச்சுடாத" என்றாள்.

நான்-பெயிலபிள் குற்றத்திலும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு ஜாமீனில் விடும் அதிகாரம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகிற குற்றத்தைச் செய்திருப்பான் என்று நம்ப இடமிருந்தால் முடியாது. மற்றவற்றில் விடலாம், ஏன் விட்டேன் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இங்கேதான் உண்மையிலேயே போலீஸ் முடிவு என்று ஒன்று இருக்கிறது, இங்கேதான் யாரும் அதைத் தொடுவதில்லை. காரணம் எளிது. விட்டு, அவன் ஓடிவிட்டால் மேலதிகாரி கேட்பார், காசு வாங்கினாயா என்று. கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அனுப்பியதற்காக எந்த இன்ஸ்பெக்டரும் மெமோ வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவது பாதுகாப்பான முடிவாகவும் வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தான முடிவாகவும் இருக்கும்வரை அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை.

சரி, அன்றைக்குக் கதை ரிமாண்டிலிருந்து தப்பி சூரிட்டிக்கு வந்தது. என் ரசீது, ஆதார் நகல், பென்ஷன் புத்தக நகல், போட்டோ கொடுத்தேன். இரண்டாவது சூரிட்டியாகப் பையனின் மாமனார் வந்தார். கொருக்குப்பேட்டையில் வாடகை வீடு, மூட்டை தூக்கும் வேலை. ரைட்டர் அவர் ஆதாரைத் திருப்பிக் கொடுத்தார். "சொந்த வீடு இருக்கிற ஆளாப் பாருங்க."

இதில்தான் எனக்குக் கோபம் வரும். சொந்த வீடு இருப்பவர்தான் சூரிட்டி நிற்கலாம் என்று சட்டத்தில் இல்லை. இன்னும் ஒரு படி மேலே, சூரிட்டி கொண்டுவர வழியில்லாத ஏழையாக இருந்தால், சூரிட்டியே கேட்காமல் அவர் சொந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விட வேண்டும் என்று அந்த 478-லேயே இருக்கிறது. கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்ற விளக்கமும் உண்டு. 1978-ல் மோதிராம் என்ற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேசத்துக்காரர். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி சொத்தைக் காட்டினால், அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். அந்தக் காலத்தில் நான் துறைமுகத்தில் சேர்ந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் தொழிலாளி ஒருவர் தன் மருமகனுக்குக் கையெழுத்துப் போடத் தகுதியில்லை, தெருவில் இருக்கும் பென்ஷன்காரன் போட்டால் செல்லும் என்கிறார்கள். பையன் ஓடினால் அவனைத் தேடிப் பிடித்துவரக் கூடியவர் யார்? மாமனாரா, நானா?

எஸ்.ஐ.யிடமே போய்ச் சொன்னேன். அவர் மாமனார் வேலை செய்யும் கிடங்கின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பத்தரை மணிக்குப் பையன் வெளியே வந்தான். செருப்பு ஒரு கால்தான் இருந்தது.

கோர்ட் பெயிலோடு ஒப்பிட்டால் இந்தச் சேவை எவ்வளவோ தேவலை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் போனால் வக்காலத்து, மனு, அரசு வக்கீல் ஆட்சேபம், உத்தரவு, அதற்கப்புறம் சூரிட்டியைச் சரிபார்ப்பது, சொத்து மதிப்புச் சான்றான சால்வன்சி கேட்டால் தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை. எல்லாம் முடிந்து உத்தரவு புழலுக்குப் போய்ச் சேர்ந்து ஆள் வெளியே வர இருட்டிவிடும். பழைய சென்ட்ரல் ஜெயில் பூங்கா நகரில் இருந்தபோது தண்டையார்பேட்டையில் ரயிலேறி மூர் மார்க்கெட்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். 2006-ல் புழலுக்கு மாற்றிய பிறகு அதுவும் ஒரு பயணம். இதோடு முடியாது. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன் வரும். கூலி வேலைக்காரனுக்கு 10.30 என்றால் அன்றைய வேலை போச்சு. ஸ்டேஷன் பெயிலில் அந்தத் தொல்லை இல்லை. பெயிலபிள் குற்றத்தில் ஜாமீன் கொடுக்கும்போது, கூப்பிட்ட தேதியில் கூப்பிட்ட இடத்துக்கு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை போட முடியாது.

சூரிட்டி நிற்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இதற்கு முன் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளதை எழுதுங்கள். ஒரே ரசீதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் நிற்கும் வாடகை சூரிட்டிகள் இருக்கிறார்கள், அதனால் உங்களையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நகல் ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே எந்த வழக்குக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்பார்கள், சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லுங்கள். ஆள் வராமல் போனால் கோர்ட் உங்களுக்குத்தான் நோட்டீஸ் அனுப்பும், தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று. பையன் போக்குச் சரியில்லை என்று தெரிந்தால் என்னை விடுவியுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். ஒரு குடிகாரனுக்காக நின்ற ஜாமீனிலிருந்து நான் அப்படி விலகியிருக்கிறேன். அவன் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உள்ளே இருப்பவரின் வீட்டுக்காரர்களுக்கு: என்ன பிரிவு என்று முதலில் கேளுங்கள், சூரிட்டி பற்றி அப்புறம். கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது, கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். பெரும்பாலானவை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஏறிவிடும். ஜெராக்ஸ் கடைப் பையன் எடுத்துத் தருவான். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். பைக்மேல் சாய்ந்திருப்பவரிடம் போகாதீர்கள்.

மார்க் போடச் சொன்னால், எழுதி வைத்திருக்கும் சட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை. அதைக் கவுண்டரில் கொடுக்கும் விதத்துக்கு ஒன்றரை. அந்த எஸ்.ஐ.க்குத் தனியாக நாலு. மாமனாரை முதலில் திருப்பி அனுப்பியபோதே தலையிட்டிருந்தால் ஐந்து போட்டிருப்பேன். காத்திருக்கும் இடத்துக்கு ஒன்று, அதுவும் பெஞ்சுக்கு. பெண்கள் போக வேண்டிய கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. குழந்தையோடு போகிறவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துப் போவது நல்லது, பக்கத்துக் கடை ஒன்பதரைக்கு மூடிவிடுகிறான்.